கோட்டுப் பைக்குள் ஒரு கோழி

கீரிப்பிள்ளை கோட்டு போடுமா, கண்ணுகளா?

ஜமைக்கா தீவில் போடும். நிஜத்தில் இல்லை, பாட்டில்! அந்தத் தீவில் சுமார் நூறு வருடமாக ஒரு நாட்டுப்பாட்டு உலவுகிறது. பாட்டின் நாயகன் ஒரு தந்திரக்காரக் கீரி.

கதை ரொம்பச் சின்னது. ஊரில் ஒரு பெரிய மனிதர். அவர் வீட்டுச் சமையலறைக்குள் கீரி நுழைகிறது. துளிகூடப் பயம் இல்லை. அங்கிருக்கும் கோழிகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. தன் கையில்லாத கோட்டின் பைக்குள் அதைப் போட்டுக்கொள்கிறது. ஒன்றும் நடக்காத மாதிரி நடையைக் கட்டுகிறது. அதன் கீர்த்தி தேசம் தாண்டிப் போய்விட்டது என்று பாட்டு கேலி செய்கிறது.

அவ்வளவுதான் பாட்டு. சிரித்துவிட்டு நகர்ந்து விடலாம். ஆனால் நீ நகர மாட்டாய், எனக்குத் தெரியும். உன் மண்டைக்குள் இந்நேரம் கேள்விகள் முளைத்திருக்கும்.

“கீரி பாம்போடுதானே சண்டை போடும்? கோழியிடம் அதற்கு என்ன வேலை?” இது ஒன்று.

“கீரி நம்ம ஊர்ப் பிராணியாச்சே! ஜமைக்காவுக்கு எப்படிப் போச்சு?” இது இன்னொன்று.

சபாஷ்! இரண்டுமே அருமையான கேள்விகள். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை தெரிந்தால்தான் முதல் கேள்விக்குள் போக முடியும்.

உலகப் படத்தை எடுத்து வை. வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே கரீபியன் கடல் இருக்கிறது. கியூபாவுக்குத் தெற்கே ஒரு தீவு தெரிகிறதா? அதுதான் ஜமைக்கா. தமிழ்நாட்டைப் பன்னிரண்டு துண்டாக்கினால் ஒரு துண்டு அளவுதான் இருக்கும்.

அங்கே வெள்ளைக்கார முதலாளிகள் பெரிய பெரிய கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்து, அடிமைகளாக வேலை வாங்கினார்கள். 1838-இல் அடிமை முறை முழுவதும் ஒழிந்தது. 1845 முதல் இந்தியாவிலிருந்து கூலியாட்கள் கப்பலேறிப் போனார்கள்.

தோட்டக்காரர்களுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. எலி! ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்களில் ஒளிந்து வந்த எலிகள், கரும்பைக் கடித்துக் கடித்து நாசம் செய்தன. கடிபட்ட கரும்பு புளித்துப் போகும். அதில் நல்ல சர்க்கரை எடுக்க முடியாது.

என்ன செய்வது? எலியைத் தின்ன யாரையாவது கூட்டி வருவோம் என்று முடிவு செய்தார்கள். எறும்பைக் கொண்டு வந்து விட்டார்கள். ஆமாம், எறும்புதான்! எலிக்குஞ்சுகளைக் கூட்டமாகப் போய்க் கடித்துக் கொல்லும் ஒரு வகை எறும்பு. அதனால் எலித் தொல்லை தீரவில்லை. பிறகு பெரிய தேரைகளைக் கொண்டு வந்தார்கள். அவையும் எலியை ஒழிக்கவில்லை. தேரை மட்டும் ஏகமாகப் பெருகிப்போனது.

அப்புறம்தான் நம் நாயகன் வருகிறார்.

வில்லியம் பான்கிராஃப்ட் எஸ்பியூட் என்று ஒரு தோட்ட முதலாளி. 1872 பிப்ரவரியில், கல்கத்தாவிலிருந்து கப்பலில் 9 கீரிகளை வரவழைத்தார். நான்கு ஆண், ஐந்து பெண். தீவின் வடகிழக்கில் இருந்த தன் தோட்டத்தில் திறந்து விட்டார்.

இவை நம் ஊர் வயல்வெளியில் ஓடும் சாம்பல் கீரி அல்ல. அதற்குச் சித்தப்பா மகன் முறை ஆகிற சின்னக் கீரி. வட இந்தியாவிலும் மியான்மர் பக்கமும் இருக்கும். எடை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய அரைக் கிலோ. கையில் தூக்கினால் கனமே தெரியாது. (தூக்கிப் பார்க்காதே. கடித்து விடும்!)

இந்த அரைக் கிலோப் பிராணியை நம்பி ஏன் ஒரு முதலாளி பணம் செலவழித்தார்? அதன் வீரத்துக்குத்தான் உலகம் முழுக்கப் பெயராச்சே! நல்ல பாம்பையே எதிர்த்து நிற்பது. எலி எம்மாத்திரம்?

இங்கே கொஞ்சம் நின்று, அந்த வீரத்தை உள்ளே திறந்து பார்த்து விடலாம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கீரிக்குப் பாம்பு விஷம் ஏறாது, அது ஒரு மூலிகையைத் தின்றுவிட்டு வரும் என்று நம் ஊரில் சொல்வார்கள். நீயும் கேட்டிருப்பாய். மூலிகை எதுவும் இல்லை. ஆனால் விஷம் அதிகம் ஏறாது என்பது உண்மை. எப்படி?

உன் கையை மடக்கு. மடக்கினாயா? இப்போது மூளையிலிருந்து நரம்பு வழியாக ‘மடங்கு’ என்று ஓர் உத்தரவு போனது. ஆனால் நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. அதைத் தாண்டுவதற்காக நரம்பின் நுனி ஒரு வேதிப்பொருளைச் சிந்துகிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலின். பெயர் நீளம்தான். சத்தமாக மூன்று தடவை சொல்லு, நாக்குக்குப் பழகி விடும்.

தசையின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். அசிட்டைல்கோலின் ஏற்பியில் பட்டதும் தசை சுருங்கும். கை மடங்கும்.

கிராமத்துப் பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள். மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதைச் சுத்தியலால் அடித்தால் ‘டங்’. பள்ளிக்கூடம் மொத்தமும் எழுந்து ஓடும். ஏற்பிதான் அந்த மணி. அசிட்டைல்கோலின்தான் சுத்தியல்.

நல்ல பாம்பின் விஷம் என்ன செய்கிறது? மணியைச் சுற்றி ஒரு சாக்கைக் கட்டிவிடுகிறது. சுத்தியல் அடிக்கிறது, அடிக்கிறது, சத்தமே இல்லை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உத்தரவு வந்தும் தசை அசையவில்லை. மூச்சை இழுக்கிற தசைகளும் இப்படி நின்றுவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் நல்ல பாம்புக் கடி உயிரைக் குடிக்கிறது.

கீரியிடம் வா. அதன் மணியில், சாக்கு கட்டுகிற இடத்தில், ஒரு புடைப்பு இருக்கிறது. சர்க்கரை மூலக்கூறுகள் சேர்ந்து உண்டான புடைப்பு. சாக்கை எப்படிக் கட்டினாலும் நழுவி விடும். ஆனால் சுத்தியல் அடிக்கிற இடம் மறைவதில்லை. மணி வழக்கமாக அடிக்கும். கீரி வழக்கமாக ஓடும்.

இஸ்ரேலில் உள்ள வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் சாரா ஃபுக்ஸ் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டுபிடித்தார்கள். 1992-இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது எகிப்தியக் கீரியை. நம் கீரிகளுக்கு அது சொந்தக்காரன்தான்.

இதுவரை புரிந்ததா? புரிந்தது என்றால் ஒரு குட்டிப் புதிர். நல்ல பாம்பின் உடம்பிலும் நரம்பு உண்டு, தசை உண்டு, மணி உண்டு. அதன் விஷம் அதையே ஏன் கொல்வதில்லை?

சரியாகச் சொன்னாய்! பாம்பின் மணியிலும் சாக்கு நிற்காது. அதன் ஏற்பியிலும் அதே இடத்தருகே சர்க்கரைப் புடைப்பு இருக்கிறது. பாம்பும் கீரியும் ஜென்ம விரோதிகள். ஆனால் இரண்டும் ஒரே தற்காப்பை வைத்திருக்கின்றன. இதை முதலில் படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு நான் கை தட்டினேன்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கீரிக்கும் எல்லா விஷமும் ஏறாமல் இருக்காது. கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தைத் தாக்கும். அங்கே இந்த மணிப் புடைப்பால் பயன் இல்லை. நல்ல பாம்பு விஷமும் அளவுக்கு மீறி ஏறினால் கீரிக்கு ஆபத்துதான். ஆகவே அது கடி வாங்காமல்தான் சண்டை போடும். உடம்பு முடியைச் சிலிர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். பாம்பு கொத்தக் கொத்தத் துள்ளி விலகும். பாம்பு களைத்ததும் தலையைக் கவ்விவிடும்.

நமக்கு அந்தப் புடைப்பும் இல்லை, அந்தத் துள்ளலும் இல்லை. யாரையாவது பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் கிடைக்கும். அந்த மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரம் பக்கத்து இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது 1978-இல் தொடங்கியது. அந்தக் கதையை இன்னொரு நாள் பேசுவோம். இல்லாவிட்டால் கீரி கோழியோடு ஓடிவிடும்!

எங்கே விட்டோம்? ஜமைக்கா. இப்படி ஓர் அபூர்வமான தற்காப்போடு பிறந்த கீரி அந்தத் தீவில் போய் இறங்கியதா? இறங்கினால், அங்கே நல்ல பாம்பு இல்லை. விரியன் இல்லை. மனிதரைக் கொல்கிற விஷப் பாம்பு ஒன்றுகூட அந்தத் தீவில் கிடையாது!

பாம்பு இல்லாவிட்டால் என்ன, எலி இருக்கிறதே என்கிறாயா? எஸ்பியூட்டும் அப்படித்தான் நினைத்தார். ஆரம்பத்தில் அவருக்கு ஏகக் கொண்டாட்டம். கீரிகள் எலிகளைப் பிடித்தன. கரும்பு தப்பியது. பத்து வருடம் கழித்து, 1882-இல், லண்டன் விலங்கியல் சங்கத்தின் இதழில் அவர் பெருமையாகக் கட்டுரையே எழுதினார். கீரி கர்ப்பமாகி ஏழு வாரத்தில் குட்டி போட்டுவிடும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை கூட ஈனும். ஒன்பது கீரிகளின் பேரன் பேத்திகள் தீவு முழுக்கப் பரவினார்கள்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேள். உன் கூர்மையான மூளைக்கு ஒரு வேலை.

கீரி பகலில் சுற்றும். இருட்டினால் பொந்துக்குள் போய்ப் படுத்துவிடும். மரம் ஏறுவதில் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை.

தோட்டத்துக் கருப்பு எலி பெரும்பாலும் இரவில் சுற்றும். மரம் ஏறுவதில் மகா கெட்டிக்காரன்.

அப்படியானால் இரண்டும் எத்தனை தடவை நேருக்கு நேர் சந்திக்கும்?

அதேதான். தரையில் மாட்டிய எலிகள் தீர்ந்தன. மிச்ச எலிகள் மரத்துக்கு மேலே கூடு கட்டி, ராத்திரியில் மட்டும் இறங்கின. கீரிக்குப் பசிக்கிறது. பகல் வெளிச்சத்தில், தரையில், ஓடவும் பறக்கவும் அதிகம் தெரியாமல், யார் மேய்ந்து கொண்டிருப்பார்கள்?

கோழி!

பார்த்தாயா, உன் முதல் கேள்விக்கு நீயே விடை கண்டுபிடித்துவிட்டாய்.

கோழி மட்டும் இல்லை. தரையில் முட்டையிடும் பறவைகள், பல்லிகள், ஓணான்கள், விஷமில்லாத பாம்புகள், எல்லாவற்றையும் கீரி தின்றது. நம் நாட்டுப் பறவையும் ஓணானும் கீரியைப் பல்லாயிரம் வருடமாகப் பார்த்துப் பழகியவை. எப்போது ஓடவேண்டும், எங்கே முட்டையை ஒளிக்கவேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். ஜமைக்காவின் பிராணிகளுக்கு அது தெரியாது. கீரியின் வாசனையே அவற்றுக்குப் புதிது. ஜமைக்கா கருப்புப் பாம்பு என்று ஒரு வேகக்காரப் பாம்பு அங்கே இருந்தது. மனிதரை ஒன்றும் செய்யாது. அது இன்று இல்லை. மலையில் கூடு வைத்த ஜமைக்கா பெட்ரல் என்ற கடல் பறவை கடைசியாக அகப்பட்டது 1879-இல். அதன் மறைவுக்கு எலியும் கீரியும் சேர்ந்தே காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆகவே பாட்டுக்குத் திரும்பி வந்தால், அதன் முதல் அர்த்தம் கண்ணெதிரே நிற்கிறது. முதலாளி தன் கரும்பைப் பார்த்தார். அவர் கீரியைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார். ஏழைக் குடியானவர்களின் வீட்டு முற்றத்தில் கோழி காணாமல் போனது. அவர்கள் பாட்டுக் கட்டினார்கள். பகலில் வரும், துணிந்து வரும், கோழிக்கு வரும் என்பதெல்லாம் அவர்கள் தினமும் பார்த்த விஷயம். அரைக் கிலோக் கீரி தன்னைவிடக் கனமான கோழியைப் பையில் போடுவது மட்டும் கொஞ்சம் அதிகம்தான். பாட்டுக்கு அந்த உரிமை உண்டு!

பாட்டுக்கு இன்னோர் அர்த்தமும் இருக்கிறது. அது மனிதர்களைப் பற்றியது.

ஜமைக்காக்காரர்கள் பாடும் வடிவத்தில், கீரி நுழைவது பெட்வர்டு என்பவர் வீட்டுக்குள். அலெக்சாண்டர் பெட்வர்டு உண்மையிலேயே வாழ்ந்தவர். ஆகஸ்ட் டவுன் என்ற ஊரில் பிரசங்கம் செய்தார். அங்கே ஓடும் ஹோப் ஆற்றுத் தண்ணீரில் நோய் தீரும் என்றார். ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. 1920 டிசம்பர் 31-ஆம் தேதி தான் வானத்துக்கு ஏறிப் போகப் போவதாகச் சொன்னார். மக்கள் வேலையை விட்டு, வந்து காத்திருந்தார்கள். அவர் போகவில்லை.

ஊரே வணங்கிய அப்படிப்பட்டவரின் அடுக்களைக்குள் ஒரு சின்னப் பிராணி நுழைந்து, அவருடைய புண்ணியக் கோழியைத் தூக்கிக்கொண்டு போகிறது! கேட்பவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இங்கே கீரி என்பது கீரி இல்லை. பெரியவர்களின் மூக்குக்குக் கீழே புகுந்து விளையாடும் ஏதோ ஒரு சின்ன ஆள். அது யார் என்பது பாடியவர்களுக்குத் தெரிந்த ரகசியம்.

அனான்சி என்ற சிலந்தியின் கதையைப் படித்திருக்கிறாயா? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் கையில் எதுவும் கொண்டுவர முடியவில்லை. கதைகளைக் கொண்டு வந்தார்கள். அனான்சி குட்டிச் சிலந்தி. ஆனால் புலியையும் பாம்பையும் ஏமாற்றிவிடும். சவுக்கடி பட்டு வேலை செய்தவர்களுக்கு அந்தக் கதை எவ்வளவு பிடித்திருக்கும், யோசித்துப் பார். கீரி கப்பலில் வந்து இறங்கியபோது, அனான்சிக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் தயாராகவே இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோழி போனவர்கள் அதைத் திட்டாமல், கோட்டு மாட்டி அழகு பார்த்திருக்கிறார்களே!

பாட்டு பிறகு டிரினிடாட் தீவுக்குப் போனது. அங்கே கலிப்சோ பாடகர்கள் அதைத் தங்கள் பாணியில் மாற்றிப் பாடினார்கள். 1920-களில் இசைத்தட்டில் ஏறியது. பெட்வர்டைத் தெரியாத ஊர்களில் அவர் பெயர் போய், பொதுவாக ஒரு முதலாளி வீடு என்று ஆனது. கீரியும் கோழியும் மட்டும் மாறவே இல்லை.

கீரியின் கீர்த்தி தேசம் தாண்டியது என்ற கேலியும் பொய் இல்லை, கண்ணு. 1883-இல் ஜமைக்காவிலிருந்து 72 கீரிகள் பசிபிக் கடலில் உள்ள ஹவாய் தீவுகளுக்குப் போயின. அங்கேயும் கரும்பு, அங்கேயும் எலி, அங்கேயும் அதே கதை. ஹவாயில் கவாய் என்ற தீவு மட்டும் அன்று தப்பியது. அதற்கு அந்த ஊரில் ஒரு வேடிக்கைக் காரணம் சொல்வார்கள். துறைமுகத்தில் கூண்டை இறக்கிய தொழிலாளியின் விரலைக் கீரி கடித்ததாம். அவர் கோபத்தில் கூண்டையே கடலில் தள்ளிவிட்டாராம்! நடந்ததோ இல்லையோ, சுவையான கதை.

ஜப்பானில் அமாமி என்ற தீவில் பாம்பை ஒழிக்க 1979-இல் சுமார் 30 கீரிகளை விட்டார்கள். அந்தப் பாம்போ இரவில் சுற்றுவது. கீரி பகலில் சுற்றுவது. அங்கேயும் பக்கத்துத் தீவு ஒன்றிலும் மட்டும் வாழும் ஓர் அபூர்வ முயல் இனம்தான் கீரியிடம் அகப்பட்டது. ஆயிரக்கணக்கில் பெருகிய கீரிகளைப் பொறி வைத்தும், மோப்ப நாய்களைக் கொண்டும் தேடித் தேடிப் பிடித்தார்கள். 2024 செப்டம்பரில்தான் தீவில் இனிக் கீரி இல்லை என்று ஜப்பான் அரசு அறிவித்தது. 45 வருடம்!

“ஜமைக்காவிலும் அப்படிச் செய்யலாமே?” என்று கேட்கிறாயா? அது அமாமியைவிடப் பல மடங்கு பெரிய தீவு. மலை, காடு, ஊர் எல்லா இடத்திலும் கீரி இருக்கிறது. முழுக்கப் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் அங்கேயும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது.

ஜமைக்கா உடும்போணான் என்று ஒரு பெரிய பிராணி. வாலோடு சேர்த்து ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். 1940-களுக்குப் பிறகு அது அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். 1990-இல் ஹெல்ஷயர் குன்றுகளில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன ஒருவரின் நாய், உயிரோடு ஒன்றைக் கண்டுபிடித்தது. தேடிப் பார்த்ததில் நூறுக்கும் குறைவானவையே மிச்சம் இருந்தன. வளர்ந்த ஓணானைக் கீரியால் ஒன்றும் செய்ய முடியாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளைத்தான் தின்றுவிடுகிறது.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்? ஒரு நிமிஷம் யோசி.

அவர்கள் குஞ்சுகளைப் பிடித்து, தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள ஹோப் மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டு போகிறார்கள். சில வருடம் தீனி போட்டு வளர்க்கிறார்கள். அவ்வப்போது எடை பார்க்கிறார்கள். கீரியால் வெல்ல முடியாத அளவுக்கு வளர்ந்ததும் பழைய குன்றிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். அவை முட்டையிடும் இடத்தைச் சுற்றிக் கீரிப் பொறிகள் வைத்துக் காவல் காக்கிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கான ஓணான்கள் திரும்பிப் போயிருக்கின்றன. போனவற்றில் சில, அதே குன்றில் முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டன.